அம்பாங்கும் கோலாலம்பூரும்: ஓர் ஆறு வளர்த்த இரண்டு ஊர்கள்

ஊருக்கு ஒரு தலபுராணம் கண்ட இனம் நம் தமிழினம். ஊரின் பெயர்க் காரணம், அதைச் சூழ்ந்த ஆறு, குளம், மலை, மரம், அங்கே வாழ்ந்தோர் பெருமை ஆகியவற்றைச் சொல்லிய பிறகே நம் முன்னோர் இறைவன் புகழுக்கு வந்தனர். தமிழ்த்தாத்தா உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கியபோதும் தம் ஊரின் கதையையே முதலில் சொன்னார். இங்கிலாந்திலும் இத்தகைய முயற்சி உண்டு. விக்டோரியா பேரரசியின் பெயரால் 1899இல் தொடங்கப்பட்ட மாவட்ட வரலாற்றுத் திட்டம், அந்நாட்டின் ஆற்றங்கரைச் சிற்றூர்களையும் அவற்றை அடுத்த நகரங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதி வருகிறது. நாம் வாழும் மலேசிய மண்ணில் நம் ஊரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

இவ்வினாவை என்னுள் எழுப்பியவன் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன். அம்பாங் வட்டாரத்தில் மாணவர்களைச் சுற்றுலாவாக நடத்திச் சென்ற ஒரு காலைப் பொழுதில், ஒரு பாலத்தின் மேல் நின்றோம். கீழே இருபுறமும் சிமெந்துச் சுவர் எழுப்பிய கால்வாயில் தேநீர் நிறத்தில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்தச் சாக்கடை எங்கே போகிறது?" என்றான். அது சாக்கடை அன்று, அம்பாங் ஆறு என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. பெயர்ப் பலகையைக் காட்டிய பிறகே நம்பினான். அந்த ஆறு இல்லையேல் கோலாலம்பூர் என்னும் மாநகரம் இல்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? அவனுக்கு அன்று சொல்ல முடியாமற்போனதையே இக்கட்டுரையில் சொல்ல முற்படுகிறேன்.

நில அமைப்பு

வரலாற்றை அறிய முதலில் நிலத்தை அறிதல் வேண்டும். தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பாக வடக்கிலிருந்து தெற்காக நீண்டு கிடப்பது தித்திவங்சா மலைத்தொடர். அது கருங்கல்லால் ஆனது. அதன் மேற்குச் சரிவில் கிள்ளான் ஆறு பிறக்கிறது. உலு கிள்ளான் பகுதியில் படிகக் கல்லாலான நீண்ட முகடு ஒன்று மதில்போல் எழுந்து நிற்க, அதன் இடைவெளி வழியே ஆறு சமவெளிக்குள் நுழைகிறது. ஆங்கிலேயர் அவ்விடத்தைக் 'கிள்ளான் வாயில்' என்ற பொருள்பட அழைத்தனர். கிழக்கே உள்ள மலைகளிலிருந்து இறங்கி வரும் அம்பாங் ஆறு, மேற்கு நோக்கி ஓடி, நகரத்தை அடையுமுன் கிள்ளான் ஆற்றோடு கலக்கிறது. வடக்கிலிருந்து வரும் கோம்பாக் ஆறு, இன்று ஜாமிக் பள்ளிவாசல் அமைந்துள்ள இடத்தில் அதனுடன் சேர்கிறது. அதன் பின்னர் ஆறு மேற்கே திரும்பிக் கிள்ளான் நகரைக் கடந்து மலாக்கா நீரிணையில் விழுகிறது. இதன் மொத்த நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர்.

மலைக் கருங்கல்லில் வெள்ளீயத் தாது உண்டு. மலேசியத் தமிழர் வழக்கில் அதனை 'ஈயம்' என்றே சொல்லுகிறோம். எண்ணற்ற ஆண்டுகளாகப் பெய்த மழை மலையைத் தேய்த்து, தாதையும் மணலையும் ஓடைகளில் இறக்கியது. மணலைப்போல் இருமடங்குக்கு மேல் கனமுடையது ஈயத் தாது. ஆகவே ஓட்டத்தின் வேகம் குறையும் இடத்தில், அதாவது மலையடிவாரத்துச் சமவெளியில், மணல் அடித்துச் செல்லப்படத் தாது தங்கிவிட்டது. அவ்வாறு தாது தங்கிய படுகைகளுள் ஒன்றே அம்பாங்.

ஈயம் எடுக்கும் தொழிலும் ஆற்றைப் பார்த்துக் கற்ற தொழில்தான். மண்ணைத் தோண்டி, நீரோடும் மரத் தொட்டியில் இட்டுக் கிளறினால், இலேசான மண் நீரோடு போய்விடும். கனத்த தாது அடியில் நிற்கும். குழியில் ஊறும் நீரை வெளியேற்றவும் நீர்ச்சக்கரம் கொண்ட சங்கிலி இறைவை பயன்பட்டது. அச்சக்கரத்தைச் சுழற்றுவதற்கும் ஓடும் நீரே தேவை. இத்தொழிலுக்கு ஓடையை மறித்து அணை கட்டியே ஆக வேண்டும். மலாய் மொழியில் அணையைக் குறிக்கும் சொல் 'எம்பாங்'. 'அம்பாங்' என்னும் ஊர்ப்பெயர் அதன் வழியே வந்தது என்பர். தோண்டி விட்ட குழிகளில் நீர் நிறைந்தபோது மலாய் மக்கள் அவற்றைக் 'கோலாம்' என்றனர். அது நம் 'குளம்' என்னும் சொல்லே. மலாய் மொழியில் புகுந்து நிலைத்த தமிழ்ச் சொற்களுள் அதுவும் ஒன்று. தமிழர் வந்து குடியேறுமுன்பே தமிழ்ச் சொல் ஒன்று இப்பகுதிக்கு வந்துவிட்டது!

எண்பத்தேழு பேர்

1857ஆம் ஆண்டு. கிள்ளான் பகுதியை ஆண்ட ராஜா அப்துல்லா, உள்நாட்டில் ஈயம் தோண்ட விரும்பினார். அவருடைய சகோதரர் ராஜா ஜுமாஆட், இன்று நெகிரி செம்பிலானில் உள்ள லுக்குட்டில் ஈயத் தொழிலை நடத்திச் செழித்தவர். அவருடைய துணையுடன் மலாக்காவின் சீன வணிகர்களான சீ யாம் சுவான், லிம் சே ஹோ ஆகியோரிடம் 30,000 வெள்ளி முதலாகப் பெறப்பட்டது. 87 சீனத் தொழிலாளர்கள் திரட்டப்பட்டனர். அவர்களை ஏற்றிய படகுகள் கிள்ளான் ஆற்றில் எதிர்நீச்சலாகக் கழியூன்றிச் சென்றன. கோம்பாக் ஆறு கூடும் இடம் வரையில்தான் பாரம் ஏற்றிய படகு செல்ல முடியும். அதற்கு மேல் ஆழம் போதாது. ஆகவே அங்கே கரையிறங்கிக் காட்டைப் பிளந்துகொண்டு சில மைல் நடந்து அம்பாங்கை அடைந்தனர்.

இந்த இடத்தில் சற்றே நிற்போம். அவர்கள் தேடி வந்தது கூடல்துறையை அன்று, அம்பாங்கை. படகு மேலே செல்ல முடியாத காரணத்தினால்தான் அத்துறையில் இறங்கினர். அரிசி, எண்ணெய், கருவி ஆகியவற்றை அங்கே இறக்கினர். பின்னர் ஈயத்தை அங்கிருந்தே ஏற்றினர். இறக்கவும் ஏற்றவும் ஒரு துறை வேண்டியிருந்தது. துறைக்கு ஒரு கடை வேண்டியிருந்தது. கடைக்கு ஒரு தெரு வேண்டியிருந்தது. அத்தெருவே கோலாலம்பூர்.

ஆனால் அந்த 87 பேரின் நிலை என்னவாயிற்று? ஒரு மாதத்திற்குள் அவர்களுள் 69 பேர் மாண்டனர். எஞ்சியவர் 18 பேர் மட்டுமே. அவர்களைக் கொன்றது மலைக்காய்ச்சல், அஃதாவது மலேரியா. காட்டின் கெட்ட காற்றால் அக்காய்ச்சல் வருகிறது என்று உலகம் நம்பிய காலம் அது. அதைப் பரப்புவது கொசுவே என்னும் உண்மையை ரொனால்டு ராஸ், இந்தியாவின் செகந்திராபாத்தில் 1897இல் கண்டறிந்தார். அம்பாங்கில் அவர்கள் மாண்டு நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த அறிவைப் பயன்படுத்தி 1901ஆம் ஆண்டு முதல் மருத்துவர் மால்கம் வாட்சன், இதே கிள்ளான் ஆற்றின் கீழ்க்கரையில் உள்ள கிள்ளான் நகரில் சதுப்பு நிலங்களை வடித்து நோயைக் கட்டுப்படுத்தினார். அது உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற சாதனை. எந்த ஆற்றின் மேற்பகுதியில் அறியாமையால் மக்கள் மடிந்தனரோ, அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் அந்த நோய்க்கு வழி காணப்பட்டது.

பதினெட்டுப் பேர் எஞ்சியதும் முயற்சி கைவிடப்படவில்லை. மேலும் 150 பேர் அனுப்பப்பட்டனர். 1859இல் அம்பாங்கின் ஈயம் முதன்முதலாக வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாயிற்று. பிரிட்டனின் வேல்சுப் பகுதித் தொழிற்சாலைகள் இரும்புத் தகட்டுக்கு ஈயம் பூசி, உணவு அடைக்கும் தகரங்களுக்காக உலகெங்கும் அனுப்பிய காலம் அது. எங்கோ ஒரு நாட்டில் மீனும் இறைச்சியும் கெடாமல் இருப்பதற்காக இங்கே மனிதர் மாண்டனர். தோட்டப்புற வரலாறு அறிந்த தமிழருக்கு இது புதிய செய்தி அன்று. ரப்பருக்காகவும் காப்பிக்காகவும் நம் முன்னோர் செலுத்திய விலையும் அதுவே. அந்த 69 பேரும் நம் இனத்தவர் அல்லர். ஆயினும் நமக்கு அந்நியரும் அல்லர்.

துறை நகரமானது

ஈயம் வெளிவரத் தொடங்கியதும் லுக்குட்டிலிருந்து வந்த ஹியூ சியூ, ஆ சே கெலெடெக் என்னும் வணிகர் இருவர், கூடல்துறையில் கடை வைத்தனர். ஹியூ சியூ பின்னர் அவ்வூரின் முதல் சீனக் காப்பித்தான் ஆனார். அவருக்குப் பின் லியூ ஙிம் கோங். அவருக்குப் பின் 1868இல் யாப் ஆ லோய். 1862இல் இங்கு வந்து 1885இல் மறைந்த யாப் ஆ லோயின் கதை, ஊரின் கதையாகவே ஆகிவிட்டது.

1867இல் சிலாங்கூரில் உள்நாட்டுப் போர் மூண்டது. கிள்ளான் ஆற்றின் வாயைப் பிடித்தவன் ஈயத்தின் வரியைப் பிடித்தவன் ஆவான். அப்போரின் அடிவேரே அதுதான். ராஜா மாஹ்டி ஒரு பக்கம், தெங்கு குடின் ஒரு பக்கம் நின்றனர். 1870இல் அம்பாங்கே போர்க்களமாயிற்று. 1872இல் கோலாலம்பூர் எதிரிகளிடம் வீழ்ந்து தீக்கிரையாயிற்று. 1873இல் பகாங் படையின் உதவியால் மீட்கப்பட்டபோது, சுரங்கங்கள் நீர் நிறைந்து கிடந்தன, வீடுகள் சாம்பலாயிருந்தன. யாப் ஆ லோய் கடன் வாங்கி ஊரை மறுபடி எழுப்பினார். 1879இல் உலகச் சந்தையில் ஈய விலை ஏறியது. அதுவே அவரையும் ஊரையும் காப்பாற்றிற்று.

1874இல் ஆங்கிலேய ஆட்சியாளர் சிலாங்கூரில் நுழைந்தனர். 1880இல் மாநிலத் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அடுத்த ஆண்டே இரண்டு சோதனைகள் வந்தன. 1881 ஜனவரியில் தீ அத்தாப்புக் கூரை வீடுகளைப் பொசுக்கியது. டிசம்பரில் வெள்ளம் மிச்சத்தை வாரிச் சென்றது. பின்னர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப் பணித்தார். அச்செங்கற்களைச் சுட்ட சூளைகள் இருந்த பகுதியே நம் தமிழ் மக்கள் நன்கறிந்த பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவையும் இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. அன்றுடன் ஆற்றின் படகுப் போக்குவரத்துக்குரிய சிறப்புக் குறைந்தது. ஊருக்குப் பிறப்பளித்த ஆற்றுக்கு ஊர் முதுகைக் காட்டத் தொடங்கியதும் அன்றே எனலாம்.

தமிழர் பங்கு

ஈயம் தோண்டியவர் சீனர். தோண்டிய ஈயத்தைக் கொண்டுசெல்லும் சாலையும் இரயிலும் இயங்கியதில் தமிழர் உழைப்பு மிகுதி. பொதுப்பணித் துறையிலும் இரயில்வேயிலும் பணியாற்றிய தமிழர்கள் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆகிய பகுதிகளில் குடியிருந்தனர். எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் வந்த யாழ்ப்பாணத் தமிழர் பலர். நம்மவருள் தலையாயவர் காயாரோகணம் தம்புசாமி பிள்ளை. சிங்கப்பூரில் 1850இல் பிறந்த அவர், முதல் ரெசிடெண்ட் டேவிட்சனுடன் எழுத்தராக இங்கு வந்து, மாநிலக் கருவூலப் பொறுப்பையும் வகித்தார். ரவாங்கில் லோக் இயூவுடன் கூட்டாக ஈயச் சுரங்கம் நடத்தினார். 1873இல் தோன்றியதாகக் கூறப்படும் மகாமாரியம்மன் கோயிலும், 1891இல் பத்துமலையில் நிறுவப்பட்ட முருகன் திருத்தலமும் அவர் பெயரை நிலைநிறுத்துகின்றன. விக்டோரியா கல்விக்கூடத்தின் முதல் அறங்காவலர்களுள் ஒருவராகவும் விளங்கிய அவர் 1902இல் மறைந்தார். போரிலே எரிந்த நகரம் மீட்கப்பட்ட அதே 1873ஆம் ஆண்டில் மாரியம்மனுக்கு இங்கே கோயில் எழுந்தது என்பதை எண்ணும்போது, அழிவிலிருந்து எழுந்த அந்நகரின் முதல் மூச்சிலேயே தமிழர் கலந்திருந்தனர் என்பது புலனாகும்.

பிற்காலத்தில் அம்பாங், உலு கிள்ளான் பகுதிகளின் மேட்டு நிலங்களில் ரப்பர் மரங்கள் நடப்பட்டன. தோட்டத் தமிழர் அங்கே குடியேறினர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், சிதறி வாழ்ந்த சீன மக்கள் வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அம்பாங் புதுக்கிராமம் அவ்வாறு தோன்றியதே. ஈயக் குட்டையும் ரப்பர்த் தோட்டமும் புதுக்கிராமமும் மலாய்க் கம்பமும் அருகருகே அமைந்த இவ்வட்டாரம், மலேசிய நாட்டின் சிறு படம் போன்றது.

நிறுவியவர் யார்?

கோலாலம்பூரை நிறுவியவர் யார் என்னும் வழக்கு இன்றும் தீரவில்லை. ஆட்களை அனுப்பிய ராஜா அப்துல்லா என்பார் ஒரு சாரார். ஊரைக் கட்டிக் காத்த யாப் ஆ லோய் என்பார் ஒரு சாரார். சுமத்திராவின் மண்டைலிங் இனத்தைச் சேர்ந்த வணிகர் சுத்தான் புவாசா முன்னரே இங்கு இருந்தார் என்பார் வேறொரு சாரார். ஒவ்வொரு தரப்பிலும் உண்மை உண்டு. நம் இனத்தவரும் தம்புசாமி பிள்ளையை முன்னிறுத்தி இப்பட்டியலில் இடம் கேட்பதுண்டு.

என் கருத்து வேறு. பெயர் தெரிந்தவர்களுக்குள்ளேயே நாம் நிறுவனரைத் தேடுகிறோம். பெயர் தெரியாத அந்த 69 பேரை யாரும் நினைப்பதில்லை. அவர்கள் வந்தது அம்பாங்குக்கு. வணிகன் கடை வைத்தது அம்பாங்கை நம்பி. அரசர் போரிட்டது அம்பாங் போன்ற சுரங்கங்களின் வரிக்காக. எனவே, நகரத்தை ஈன்ற தாய் மேலாற்றங்கரையிலிருந்த அந்தச் சுரங்க ஊரே. மகன் செல்வனாகித் தாயை மறந்த கதையை நாம் நாடகங்களில் கண்டு கண்ணீர் விடுகிறோம். ஊர்களின் வரலாற்றிலும் அந்நாடகம் நடக்கிறது.

அம்பாங் சாலையைப் பார்த்தால் இது விளங்கும். சுரங்கத்தையும் துறையையும் இணைத்த பாதை அது. ஈயத்தால் செல்வம் குவித்தோர் அதன் இருமருங்கும் மாளிகைகள் எழுப்பினர். அச்சாலையிலுள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்தில்தான் 1959 செப்டம்பரில் சுதந்திர மலாயாவின் முதல் நாடாளுமன்றம் கூடியது. 1929இல் கட்டப்பட்ட போக் மாளிகை 2006இல் இடிக்கப்பட்டது. 1896 முதல் குதிரைப் பந்தயம் நடந்த திடலில் இன்று இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. அக்கோபுரங்களைக் காண வரும் பயணிகள் அம்பாங் சாலையில் நடக்கிறார்கள்; அம்பாங் என்றால் என்ன என்று கேட்பதில்லை.

1974 பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானபோது, அம்பாங்கின் ஒரு பகுதி நகரோடு போயிற்று. மறு பகுதி சிலாங்கூரிலேயே நின்று, 1992இல் தனி நகராண்மைக் கழகத்தின் கீழ் வந்தது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது எஞ்சியிருந்த சுரங்கங்களும் வீழ்ந்தன. குட்டைகள் தூர்க்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. பழைய இரயில் பாதை இருந்த தடத்தில் 1996 முதல் இலகு இரயில் ஓடுகிறது.

ஆறு மறப்பதில்லை

நகரம் மறந்தாலும் ஆறு மறப்பதில்லை. சுரங்கங்களிலிருந்து கழுவி விடப்பட்ட மண் அனைத்தும் கீழே சென்று ஆற்றின் படுகையை உயர்த்தியது. சிலாங்கூரின் வடக்கே, இவ்வாறு படிந்த வண்டலால் கோலா குபு என்னும் ஊரே இடம் பெயர்க்கப்பட்டுக் 'கோலா குபு பாரு'வாக வேண்டியதாயிற்று. 'லும்பூர்' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சேறு என்று பொருள். சேற்றுக் கூடல் என்று பெயர் பெற்ற நகரம், தன் பெயரின் பொருளை 1926இன் பெருவெள்ளத்திலும் 1971 ஜனவரியின் பெருவெள்ளத்திலும் மீண்டும் படித்தது. 1958இல் கிள்ளான் வாயிலில் அணை எழுந்தது. குடிநீருக்காகக் கட்டிய அவ்வணை மேலாற்றின் நீரைத் தேக்கியது. ஆனால் அணைக்குக் கீழே காடும் குட்டையும் கட்டடங்களாக மாற, மழைநீர் தங்க இடமின்றி நேரே ஆற்றுக்குள் பாய்ந்தது.

மலைச்சரிவும் பொறுக்கவில்லை. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸ் என்னும் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 உயிர்கள் மாண்டன. பின்னாலிருந்த மேட்டில் வடிய வழியில்லாத நீரே அச்சரிவுக்கு வித்திட்டது. 2008 டிசம்பரில் அதே குன்றுப் பகுதியில் மீண்டும் நிலச்சரிவு உயிர்களைக் கொண்டு சென்றது. அன்று 69, பின்னர் 48. காரணம் வேறு, பாடம் ஒன்றே. நிலத்தின் இயல்பை அறியாமல் அவசரத்தோடு அதனுள் நுழைபவனை நிலம் மன்னிப்பதில்லை.

2007இல் நகரைக் காப்பதற்காக 'ஸ்மார்ட்' என்னும் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை, பெருமழையின்போது நீரை நகருக்கு அடியில் கடத்தித் தெற்கே விடுகிறது. மழையற்ற நாளில் அதன் ஒரு பகுதியில் வாகனங்கள் ஓடுகின்றன. அந்நீரை எங்கே வாங்குகிறார்கள் தெரியுமா? அம்பாங் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்துக்கு அருகில்! அன்று நீரைத் தேக்குவதற்கு அம்பாங்கில் அணை கட்டினர். இன்று அதே நீரைத் தள்ளி அனுப்புவதற்கு அங்கேயே சுரங்கம் தோண்டினர். அன்று நகரத்தைப் பிறப்பித்த நீர். இன்று நகரம் அஞ்சும் நீர். இரண்டும் ஒரே ஆறுதான்.

நம் கடமை

வரலாறு என்பது அரசர்களின் பெயர்ப் பட்டியல் என்று மாணவர்களுக்குக் கற்பித்துவிட்டோம். ஆண்டுகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி, மறுநாள் மறந்துவிடுகிறார்கள். பள்ளிக்கு அருகே ஓடும் நீரின் பெயர் தெரியாத பிள்ளைக்கு மலாக்கா சுல்தான்களின் வரிசையால் என்ன பயன்? தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் தன் ஊரின் வரலாற்றை எழுதி வைத்தல் வேண்டும். தோட்டங்கள் மறைந்துவிட்டன, அத்தோட்டங்களின் பெயர்களையேனும் முதியோர் வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். நம்மவர் உழைப்பை மட்டுமன்றி அருகில் உழைத்து மாண்ட பிறரையும் அதில் சேர்த்து எழுதுதல் வேண்டும். நம் பெயர் விடுபட்ட வரலாற்றைக் கண்டு வருந்துகிற நாம், பிறர் பெயரை விட்டுவிடலாகாது.

அந்த மாணவனுடன் மற்றொரு நாள் அதே பாலத்தின் மேல் நின்றேன். முதல் நாள் மழை பெய்திருந்தது. கால்வாய்ச் சுவரின் பாதி உயரத்திற்கு நீர் சீறிக்கொண்டிருந்தது. 87 பேர் வந்ததையும் 18 பேர் எஞ்சியதையும் சொன்னேன். நெடுநேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவர்கள் பெயர் என்ன, ஐயா?" என்று கேட்டான்.

அவ்வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. ஆயினும் அவன் அந்நீரைச் சாக்கடை என்று அதன் பின் ஒருபோதும் சொல்லவில்லை.